அசென்ஷன் தீவில் பூர்வகுடிகள் யாரும் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் அட்லாண்டிக் தீவுகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். அசென்ஷன் தீவுக்குக் கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், அதற்கே நன்றி, அந்தப் பெயரைத் தமிழில் அச்சில் பார்ப்பதே அபூர்வம். ஆனால் மேகம் கவிந்த பச்சை மலையின் படத்தைப் போட்டு, கீழே 'மனிதக் கை படாத காடும் அதைக் காத்துவரும் பூர்வகுடிகளும்' என்று எழுதிவிட்டீர்களே, அந்த ஒரே வரியில் இரண்டு தப்பு. அந்தக் காடு மனிதர்கள் நட்டது. பூர்வகுடி என்று அங்கே எந்தக் காலத்திலும் யாரும் இருந்ததில்லை. இன்றைக்கு அங்கே இருக்கிற சுமார் 800 பேரில் ஒருவருக்குக்கூட நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது.

தீவு எப்படி வந்தது என்பதைப் பார்த்தாலே இது புரியும். ஆப்பிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் நடுவே, நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, கடலடியில் ஓடும் நடு அட்லாண்டிக் மலைத்தொடருக்கு 90 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. 3,000 மீட்டருக்கும் ஆழமான கடல்தரையிலிருந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஏறி, சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தண்ணீருக்கு மேலே தலைகாட்டியது. பாறைகளின் கணக்கில் அது கைக்குழந்தை வயசு. எந்தக் கண்டத்தோடும் ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை என்பதால் பறந்தோ நீந்தியோ காற்றில் மிதந்தோ வர முடிந்தவை மட்டுமே அங்கே வந்து சேர்ந்தன: பெரணிகளின் வித்துத்தூள், கடல்பறவைகள், ஆமைகள், நிலத்து நண்டுகள். துரத்த யாரும் இல்லாததால் ஒரு சின்னக் கோழி போன்ற பறவை பறப்பதையே மறந்துவிட்டது. 1656இல் அந்த வழியாகப் போன பீட்டர் மண்டி என்ற பயணி அதைப் படமாக வரைந்து வைத்தார். நல்லவேளை வரைந்தார், அப்புறம் அந்த இனமே அழிந்துபோனது.

1501இல் போர்த்துகீசியர் கண்ணில் பட்டது, 1503இல் பெயர் வைத்தார்கள், அதோடு சரி. 88 சதுர கிலோமீட்டர் கரிய பாறை, கைக்கு எட்டிய இடத்தில் குடிதண்ணீர் இல்லை, யாருக்கு வேண்டும்? 1701இல் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டேம்பியரின் கப்பல் அங்கே மூழ்கியது. அவரும் ஆட்களும் ஓர் ஊற்றைக் கண்டுபிடித்ததால் உயிரோடு இருந்து, வேறு கப்பலில் ஏறித் தப்பினார்கள். 1725இல் லீன்டர்ட் ஹாசன்போஷ் என்ற டச்சுக்காரரை, இன்னொரு ஆணோடு உறவு வைத்த குற்றத்துக்காக, ஒரு கூடாரத்தையும் கொஞ்சம் தண்ணீரையும் கொடுத்து அங்கேயே இறக்கிவிட்டுப் போனார்கள். தாகம் தாங்காமல் ஆமை ரத்தத்தைக் குடித்தது வரைக்கும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மறு வருஷம் வந்த ஆங்கிலேய மாலுமிகளுக்குக் கிடைத்தது அந்தக் குறிப்பு மட்டும்தான்.

மனிதர்கள் நிலையாகத் தங்கியதற்குக் காரணம் நெப்போலியன். 1815இல் அவரைச் சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் அடைத்தபோது, அவரை மீட்க யாரும் அசென்ஷனைப் பயன்படுத்திவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை அங்கே படை இறக்கியது. கடற்படைச் சட்டம் செல்லுபடியாக வேண்டுமே, அதனால் தீவையே 'ஹெச்.எம்.எஸ். அசென்ஷன்' என்று ஒரு கப்பலாகப் பதிவு செய்தார்கள்! (இதைவிட நல்ல துணுக்கு கிடைக்காது, ஏன் விட்டீர்கள் என்று தெரியவில்லை.) நெப்போலியன் 1821இல் செத்துப்போனார், படை போகவில்லை.

1836இல் டார்வின் வந்தார். செயின்ட் ஹெலினாக்காரர்கள் 'நாங்கள் இருப்பது பாறை மேலே, பாவம் அவர்கள் இருப்பது எரிந்துபோன கரிக்கட்டை மேலே' என்று அசென்ஷன்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்களாம், அதை அவர் எழுதி வைத்திருக்கிறார். 1843இல் அவருடைய நண்பர் ஜோசஃப் ஹூக்கர் வந்தார், தாவரவியல்காரர். அவருடைய யோசனை எளிமையானது: 859 மீட்டர் உயரமுள்ள மலை உச்சியை மேகம் உரசிக்கொண்டு சும்மா போகிறது, அங்கே மரம் இருந்தால் இலையில் மூடுபனி பட்டுத் துளியாகி மண்ணில் இறங்கும். 1850 முதல் கப்பல் கப்பலாகச் செடிகள் வந்தன. லண்டனில் இருக்கும் கியூ தாவரவியல் தோட்டம் ஏற்பாடு செய்ய, யூகலிப்டஸ், நார்ஃபோக் பைன், மூங்கில், வாழை என்று எங்கெங்கிருந்தோ கொண்டுவந்ததைக் கடற்படை ஆட்கள் நட்டார்கள். இன்று உச்சியில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது, சுற்றிலும் அடர்ந்த மூங்கில், வெயில் காலத்திலும் சொட்டுச் சொட்டாக ஈரம். நீங்கள் போட்ட படம் அந்த மலைதான். 200 வருஷம்கூட ஆகாத காடு அது.

எனக்கு அந்தக் காட்டின் மேல் கோபம் இல்லை, உண்மையில் அது ஒரு சாதனை. ஆனால் 'கை படாத' என்று சொன்னால் அதற்கான விலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மலையின் சொந்தக்காரர்கள் சின்னச் சின்னப் பெரணிகள். அவற்றில் கொத்தமல்லித் தழை போல இருக்கும் ஒன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும், அரை நூற்றாண்டாக யார் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டது என்றே அறிவித்துவிட்டார்கள். 2009இல் ஒரு செங்குத்துச் சரிவில் தற்செயலாகத் தென்பட்டது. துண்டு எடுத்து, வாடுவதற்குள் விமானத்தில் கியூவுக்கு அனுப்பி, அங்கே வளர்த்துக் காப்பாற்றினார்கள். முன்பு அந்நியச் செடிகளை ஏற்பாடு செய்து அனுப்பிய அதே தோட்டம்!

இன்னொன்று, உங்கள் வாசகர்கள் படித்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்கள். 1960களில் மண்ணைப் பிடித்துவைக்க ஒரு முள்மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். சீமைக்கருவேலம். ஆமாம், அதேதான். பழைய பட்டாளத்துக் கழுதைகளின் வாரிசுகள் காடு திரும்பித் தீவு முழுக்கத் திரிகின்றன, அவை நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டுப் பரப்புகின்றன. இப்போது அது ஆமைகள் முட்டையிடும் கடற்கரை வரை வந்துவிட்டது.

எலி பிடிக்க விட்ட பூனைகள் கடல்பறவைகளைத் தின்று தீர்த்த கதையும் இதே ரகம். உலகத்திலேயே அங்கே மட்டும் கூடு கட்டும் ஃபிரிகேட் பறவை பக்கத்துக் குட்டிப் பாறைத்தீவுக்கு ஒதுங்கிவிட்டது. 2006இல் காட்டுப் பூனை ஒன்றுகூட இல்லை என்று அறிவித்த பிறகு, 2012இல்தான் அது பெரிய தீவில் மறுபடியும் முட்டையிட்டது.

இருபதாம் நூற்றாண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டுரையில் அது ஓரளவு இருக்கிறது. 1899இல் கடலடித் தந்தி கேபிள், 1942இல் அமெரிக்கர்கள் போட்ட விமான ஓடுதளம் ('அசென்ஷனைத் தவறவிட்டால் பெண்டாட்டிக்குப் பென்ஷன்' என்று அன்றைய விமானிகள் சொல்வார்களாம்), 1960களில் நாசாவின் நிலையம், 1982இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் படைகளுக்கு இடைத்தளம். 2019இல் தீவைச் சுற்றி 4,40,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலில் வணிக மீன்பிடிப்பையே தடை செய்தார்கள். ஒரு காலத்தில் மல்லாக்கப் புரட்டிப்போட்டு, தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் குளங்களில் அடைத்துவைத்துக் கறிக்காகக் கப்பலில் ஏற்றிவிட்ட பச்சை ஆமைகள், இன்று பிரேசிலிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வந்து நிம்மதியாகக் குழி தோண்டிவிட்டுப் போகின்றன.

மனிதர்கள் கதைதான் வேறு. பெரும்பாலானோர் செயின்ட் ஹெலினாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். சில குடும்பங்கள் தலைமுறைகளாக வந்துபோகின்றன. வேலை ஒப்பந்தம் இருக்கும் வரை வேலைக்கு வந்தவரும் குடும்பமும் இருக்கலாம், வேலை முடிந்தால் கிளம்ப வேண்டும், ஓய்வு பெற்று அங்கேயே உட்கார முடியாது. 18 வயதாகும் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லையென்றால் அவருக்கும் அதே கதை. சொந்தமாக நிலம் வாங்க முடியாது. 2002இல் வரியும் வந்தது, தேர்தல் வைத்து ஒரு தீவு மன்றமும் வந்தது, சரி, அடுத்து குடியிருப்பு உரிமைதான் என்று மக்கள் நம்பினார்கள். 2006இல் தீவை ஆளும் பிரிட்டிஷ் அரசு அதை மறுத்துவிட்டது. ராணுவத் தளத்துக்கு நடுவில் ஊர் வளர்ந்தால் பொறுப்பும் செலவும் தங்கள் தலையில் விழும் என்ற கணக்கு என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. வரி வாங்குகிற இடத்தில் வயசாகிச் சாகவும் இடம் தர வேண்டாமா?

அதனால்தான் 'பூர்வகுடிகள்' என்ற சொல் என்னை உறுத்தியது. அப்படிச் சொன்னால் அங்கே வசிப்பவர்களுக்குக் குடியிருப்பு உரிமைப் பிரச்சினையே இல்லை என்பது போல ஆகிவிடுகிறது. அடுத்த வாரம் திருத்தம் போடுங்கள். இடம் இல்லையென்றால் காட்டை விட்டுவிடுங்கள், அந்த ஒரு சொல்லையாவது மாற்றி 'ஒப்பந்தத்தில் வசிப்பவர்கள்' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்