ஏழு இருக்கை காரைக் கடைசி வரிசையிலிருந்து தேர்ந்தெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்டிகைக் காலம் வந்தால் நாளிதழ்களில் ஏழு இருக்கை கார்களுக்கு முழுப் பக்க விளம்பரம் வருகிறது. கூடவே அவற்றை ஒப்பிட்டுக் கட்டுரைகளும் வருகின்றன. மைலேஜ், தொடுதிரை, சன்ரூஃப், அலாய் வீல் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் எங்கே, எப்படி உட்காருவார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த இரண்டு இருக்கைக்காகத்தான் மக்கள் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே உட்காரப்போவது வீட்டுப் பெரியவர்களோ குழந்தைகளோதான். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஷோரூமுக்குக் கணவனும் மனைவியும் மட்டும் போய்ப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு வருவதுதான் முதல் தவறு. வண்டியில் யார் யார் போவார்களோ அத்தனை பேரும் போக வேண்டும். உட்காரும் வரிசையும் முக்கியம். முதலில் ஓட்டப்போகிறவர் தன் உயரத்துக்கு ஏற்ப இருக்கையைச் சரிசெய்துகொண்டு உட்காரட்டும். அவருக்குப் பின்னால் நடு வரிசையில் உட்காருபவர், முழங்கால் முன் சீட்டில் இடிக்காத அளவுக்குத் தன் சீட்டைப் பின்னே தள்ளிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு மிச்சம் இருப்பதுதான் மூன்றாம் வரிசையின் உண்மையான இடம். ஷோரூமில் நடு சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவைத்துத்தான் காட்டுவார்கள். அப்போது பின்னால் தாராளமாகத் தெரியும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் முதலில் தொடையைக் கவனியுங்கள். தொடை சீட்டில் படியாமல் முழங்கால் மேலே தூக்கி நின்றால், தரைக்கும் சீட்டுக்கும் இடையே உயரம் போதவில்லை என்று பொருள். பின் அச்சும் எரிபொருள் தொட்டியும் அந்தப் பகுதியில் இருப்பதால் தரையை மேலே தூக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. லேடர் ஃபிரேம் எனப்படும் ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் வண்டியின் கூட்டைப் பொருத்தும் வண்டிகளில் தரை இன்னும் உயரும். தொடைக்குத் தாங்கல் இல்லாவிட்டால் உடல் எடை முழுவதும் இடுப்பில் இறங்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியாது. இருபது நிமிடமாவது அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். தலைக்கும் கூரைக்கும் இடையே மூடிய கை ஒன்று நுழைய வேண்டும். பின்னந்தலைக்கும் டிக்கிக் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் கையால் அளந்து பாருங்கள். தலைதாங்கி மேலே இழுத்து வைக்கக்கூடியதா, அங்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஏறி இறங்குவது. நம் ஊரில் இடப்பக்கம்தான் சாலையோரம். எனவே மடித்து வழிவிடும் நடு சீட்டு இடப்பக்கம் இருப்பதே பாதுகாப்பு. வலப்பக்கம் இருந்தால் பாட்டியைப் போக்குவரத்து நடுவே இறக்க வேண்டிவரும். சில வண்டிகளில் நடு சீட்டு முழுதாகக் கவிழ்ந்து வழிவிடும். சிலவற்றில் முதுகு மட்டும் சாய்ந்து, சீட்டு சற்றே முன்னே நகரும்; அந்தச் சந்துக்குள் புடவை கட்டியவரும் முழங்கால் வலி உள்ளவரும் நுழைவது சிரமம். கியா காரென்ஸில் ஒரு பட்டனை அழுத்தினால் நடு சீட்டு மடங்குகிறது. பட்டனோ நெம்புகோலோ, உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கைக்கு அது எட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எட்டாவிட்டால் அவசரத்தில் அவரால் தானாக வெளியே வர முடியாது.

குழந்தைக்குத் தனி இருக்கை பொருத்துபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த இருக்கையைப் பூட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் நடு வரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கும். மடியும் பக்கத்தில் குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால் அந்த சீட்டை மடிக்க முடியாது; கடைசி வரிசைக்கான வழி அடைபட்டுவிடும். அதை வலப்பக்கம் பொருத்துங்கள். இரண்டு குழந்தை இருக்கை தேவைப்படும் வீட்டுக்கு, நடுவே நடைவழி விட்டுத் தனித்தனி சீட்டு வைத்த ஆறு இருக்கை மாடல் பயன்படும். ஆனால் அதில் ஒரு ஆளின் இடம் போய்விடும்.

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பற்றித் தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. கார்களை மோத விட்டு நட்சத்திரம் தரும் நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை முன்பக்கமாக மோத விடுகிறார்கள். பெரியவர் பொம்மைகள் முன் வரிசையிலும், ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள் அதற்குப் பின்னாலும் இருக்கும். மூன்றாம் வரிசையில் யாரையும் உட்கார வைத்து அளப்பதில்லை. பின்னாலிருந்து லாரி இடித்தால் என்ன ஆகும் என்ற சோதனையும் அதில் கிடையாது. ஐந்து நட்சத்திரம் நல்லதுதான், அது வேண்டும். ஆனால் கடைசி வரிசைக்கும் அதே சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜன்னலோரம் விரியும் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை ஜன்னல் வரை நீள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மஹிந்திரா பொலேரோ நியோ போலப் பின்னால் எதிரெதிராக, பக்கம் பார்த்து உட்காரும் இருக்கை உள்ள வண்டியில் அந்த இடத்தை நெடுஞ்சாலைப் பயணத்துக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். மோதலின்போது உடல் பக்கவாட்டில் வீசப்படும். கழுத்தைத் தாங்க எதுவும் இல்லை.

இனி எடை. இதை யாரும் பேசுவதே இல்லை, ஆனால் வண்டி கெடுவதற்கும் விபத்துக்கும் இதுவும் ஒரு காரணம். ஆர்.சி.யில் காலி எடை, மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். மொத்தத்தில் காலி எடையைக் கழித்தால் வருவதுதான் ஆளும் சாமானும் சேர்த்து அந்த வண்டி சுமக்கக்கூடியது. உதாரணத்துக்குக் காலி எடை 1,200 கிலோ, மொத்த எடை 1,800 கிலோ என்றால் சுமை 600 கிலோ. ஆளுக்கு 65 கிலோ வீதம் ஏழு பேர் 455 கிலோ. மிச்சம் 145 கிலோவில்தான் பெட்டி, தண்ணீர்க் கேன், சமையல் பாத்திரம் எல்லாம். ஆட்கள் ஆளுக்கு 80 கிலோ என்றால் மிச்சம் 40 கிலோதான். இதற்கு மேல் ஏற்றினால் பின் ஸ்பிரிங் இறங்கும், ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சூடேறும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயர் காற்றின் அளவு இருக்கும். முழுச் சுமைக்கென்று தனி அளவு கொடுத்திருந்தால், புறப்படும் நாள் காலையில் டயர் ஆறியிருக்கும்போதே அதை நிரப்ப வேண்டும். இரண்டு பேர் போகும் அளவுக் காற்றோடு ஏழு பேர் போவதால் டயர் வெடிப்பது நடக்கிறது.

டிக்கி இடத்தைக் கேட்கும்போது மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும் நிலையில் எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். மாருதி எர்டிகாவில் அது 209 லிட்டர், காரென்ஸில் 216, ரெனோ ட்ரைபரில் 84. நடுத்தர அளவு டிராலிப் பெட்டி ஒன்று சுமார் 65 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் முதல் இரண்டில் ஏழு பேருக்கும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று பெட்டி. மூன்றாவதில் ஒன்று வைப்பதே கஷ்டம். விளம்பரத்தில் வரும் பெரிய எண் கடைசி சீட்டை மடித்த பிறகோ, கழற்றிய பிறகோ கிடைப்பது. ட்ரைபரின் கடைசி இருக்கைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் 625 லிட்டர் இடம் கிடைக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது உண்மையிலேயே நல்ல வசதி, ஆனால் அப்போது அது ஐந்து இருக்கை வண்டி. எர்டிகா சி.என்.ஜி.யில் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்வதால் அந்த 209 லிட்டரும் போய்விடும். தினமும் ஓடும் வண்டிக்கு சி.என்.ஜி. லாபம்தான். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சாமானை மேலே ஏற்றிக்கொள்ளலாம் என்று கேரியர் போடுபவர்கள், கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டைப் பார்த்துவிட்டுப் போடட்டும். மேலே ஏற்றிய எடை வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும்.

மலைப்பாதையில்தான் வண்டியின் நிஜம் தெரியும். கொல்லிமலையில் 70, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ட்ரைபரின் 999 சிசி இன்ஜின் தருவது 72 குதிரைத்திறன்; சுழற்றும் வலுவான முறுக்குவிசை 96 நியூட்டன் மீட்டர். சமவெளியில் நான்கைந்து பேரோடு போக அது போதும். ஏழு பேரோடு வளைவில் நின்று கிளம்பும்போது முதல் கியரில் கிளட்சை அரைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும், கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வரும். எர்டிகா 1.5 லிட்டர் பெட்ரோல், சுமார் 137 நியூட்டன் மீட்டர்; ஏறும், ஆனால் வேகம் கூட்ட கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் முழுச் சுமையோடு ஏறும்போது எடை பின்னால் சாய்வதால், மழை ஈரத்தில் முன் சக்கரம் சுழன்று வழுக்குவதும் உண்டு. இனோவா கிரிஸ்டா பின் சக்கர இழுவை, 2.4 லிட்டர் டீசல் மேனுவலில் 343 நியூட்டன் மீட்டர். மாதம் ஒரு முறை குடும்பத்தோடு மலை ஏறும் வீட்டுக்கு அதன் அருமை தெரியும். இறங்கும்போது எந்த வண்டியானாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். கடைசி வரிசை பின் அச்சுக்கு மேலேயோ பின்னாலேயோ இருப்பதால் ஆட்டமும் தூக்கிப்போடுதலும் அங்கேதான் அதிகம். வாந்தி வரும் பிள்ளையை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

டீசலா பெட்ரோலா என்பதற்கு ஒரே கேள்வி: வண்டி எங்கே ஓடும்? பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் போய்வரும் வண்டியில் அது அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். ஊருக்குள்ளேயே ஓடும் வீட்டுக்குப் பெட்ரோலோ ஹைப்ரிடோ போதும்.

ஏசி விஷயத்தில் பின்னால் காற்று வரும் துளைகளை எண்ணி ஏமாறாதீர்கள். பின்பக்கத்துக்கென்று தனிக் குளிர்விப்பான் இருக்கிறதா, அல்லது முன்னால் குளிர்ந்த காற்றை மின்விசிறி உறிஞ்சிப் பின்னால் தள்ளுகிறதா என்று கேளுங்கள். சித்திரை மாத மதியத்தில் வெயிலில் நின்ற வண்டியை டெஸ்ட் டிரைவுக்குக் கேட்டு, கடைசி வரிசையில் எத்தனை நிமிடத்தில் குளிர்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

விலையில் இரண்டு படிக்கட்டுகள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் வண்டிக்கும் 1,500 சிசிக்கு மிகாத டீசல் வண்டிக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. ட்ரைபர் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பதற்கு இந்த நான்கு மீட்டர் கோடுதான் காரணம். டிக்கி சுருங்கியதற்கும் அதுவே காரணம். இரண்டாவது, தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வரி கணக்கிடும் விலை 9.90 லட்சம் என்றால் வரி 1,28,700 ரூபாய். அலங்கார வசதிக்காக 30,000 ரூபாய் கூட்டி 10.20 லட்சம் ஆக்கினால் வரி 1,83,600. முப்பதாயிரம் ரூபாய் வசதி உங்களுக்கு 84,900 ரூபாயில் முடிகிறது. இதை விற்பனையாளர் தானாகச் சொல்லமாட்டார்.

பழைய இனோவா, எர்டிகா வாங்குவோர் அது வாடகை வண்டியாக ஓடி ஓன் போர்டுக்கு மாற்றப்பட்டதா என்று ஆர்.சி. விவரத்தில் பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கழற்றிய தடம், கூரையில் கேரியர் துளை, மீட்டரில் குறைந்த கிலோமீட்டருக்குப் பொருந்தாத அளவு தேய்ந்த நடு சீட்டுத் தண்டவாளம் இவை காட்டிக்கொடுக்கும். நடு வரிசையின் மத்தியில் உட்காருபவருக்கு இடுப்பு பெல்ட் மட்டுமே உள்ள பழைய மாடல்களும் உண்டு.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்தால் சொந்த வண்டியில் உடன் வருபவர்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. முழுமையான பாலிசியோடு, பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டையும் ஏழு இருக்கைக்கும் சேர்த்து எடுக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஏழு இருக்கை காரைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, எழுதுபவர் ஒரு மணி நேரமாவது கடைசி வரிசையில் பயணம் செய்துவிட்டு எழுதட்டும். மூன்று வரிசையும் நிமிர்ந்த நிலையில் டிக்கி அளவு, வண்டி சுமக்கும் எடை, இடப்பக்க சீட்டு மடிகிறதா, திரை ஏர்பேக் எதுவரை வருகிறது ஆகிய நான்கையும் விலைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஏழு பேரை ஏற்றி டெஸ்ட் டிரைவ் தர மறுக்கும் ஷோரூம்களும் உண்டு. மறுத்தால் வாசகர்கள் அடுத்த ஷோரூமுக்குப் போகலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாமக்கல்