"ஊ" எண்டா திரும்ப "ஊ" எண்டு சொல்லப் பழக்கின எல்லாருக்கும்

வணக்கம். விசுவமடுவில எங்கட வாசிகசாலையில நடந்த கைப்பிள்ளை பராமரிப்புப் பயிற்சி போன சனிக்கிழமையோட முடிஞ்சுது, இதை எழுதாம விட்டா எனக்கு நித்திரை வராது, அதான் எழுதுறன்.

எங்கட பக்கத்தில கன தாய்மார் விடியவெள்ளன கார்மென்ட்ஸ் பஸ்ஸில ஏறிப் போகினம், கைப்பிள்ளையள என்னைப்போல ஆக்களிட்ட விட்டிட்டுத்தான் போகினம். நான் மூண்டு பேரைப் பாக்கிறன். நாலு பெத்து வளத்தனான், நேரத்துக்குப் பால், குளிப்பு, நித்திரை, அழுதா ஃபோனில பாட்டு, அதுக்கு மேல ஒண்டும் யோசிச்சதில்லை.

வவுனியாவில இருந்து பஸ்ஸில வந்து வந்து படிப்பிச்ச ரீச்சருக்கு முதல் நன்றி. முதல் நாளே அவ கதிரைய ஒதுக்கிப்போட்டு பன்பாயில பிள்ளைக்கு நேர தானும் குப்புறப் படுத்திட்டா. நான் பாக்கிறதில சின்னவள், 4 மாசம், தலைய நிமித்தி அவவப் பாத்து "ஊ" எண்டாள். அவவும் "ஊ" எண்டிட்டுப் பேசாம இருந்தா. நாங்கள் சிரிச்சிட்டம். அவ அசையேல்ல, பிள்ளையின்ர வாயையே பாத்துக்கொண்டு கிடந்தா, கொஞ்சம் பொறுத்து அவள் ரெண்டு காலையும் உதைச்சு முந்தினதவிட நீட்டி "ஊஊ" எண்டாள் பாருங்கோ, ஒருத்தருக்கும் சத்தமில்லை. ஃபோன் பாடும், ஆனா பிள்ளைக்குப் பதில் சொல்லாது, பதில் வந்தாத்தான் பிள்ளை அடுத்ததைச் சொல்லும் எண்டா ரீச்சர். உலக சுகாதார நிறுவனமும் 2019இல ஒரு வயசுக்குள்ள ஃபோன், டிவி வேண்டாமெண்டு சொன்னதாம், தவழத் தொடங்காத பிள்ளைய முழிச்சிருக்கேக்க இடைக்கிடை, எல்லாமா நாளைக்கு 30 நிமிசமாவது குப்புற விடவும் வேணுமாம். நித்திரைக்கு மட்டும் மல்லாக்க.

வெயிலுக்குள்ள ஸ்கூட்டியில வந்த எங்கட மிட்வைஃப் தங்கச்சிக்கு என்னெண்டு நன்றி சொல்ல? 6 மாசம் முடியும் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணியும் குடுக்கக்கூடாது, நான் வெக்கை நாளில குடுத்திருக்கிறன், நினைச்சா இப்பவும் பதறுது, அவ ஏசாம விளங்கப்படுத்தினா. தொண்டையில ஏதும் சிக்கி மூச்சு எடுக்கேலாட்டி கைப்பிள்ளைய முன்னங்கையில குப்புறக் கிடத்தி, தலை பதிய, முதுகில 5 தட்டு, பேந்து மல்லாத்தி நெஞ்சு நடுவில 5 அமத்து, பொம்மைய வச்சு எனக்குக் கை சரிவரும் மட்டும் விடேல்ல. நாங்கள் வழமையா வாய்க்குள்ள விரலை விட்டுத் தோண்டுவம், அது இன்னும் உள்ளுக்குத் தள்ளிப்போடுமாம்.

காசு வாங்காம சிரட்டையள அரத்தாள் போட்டுத் தேய்ச்சு விளிம்பு மழுப்பித் தந்த தச்சு வேலை அண்ணைக்கும் நன்றி. என்ர எட்டு மாசக்காரன் அகப்பையால சிரட்டையில ஒரு தட்டுத் தட்டிப்போட்டு என்ர முகத்தைப் பாப்பான், நானும் தட்டினாத்தான் திரும்பத் தட்டுவான், இப்பிடியே பின்னேரம் வரைக்கும் போகும் சில நாள். ஃபோன் இப்ப அலுமாரிக்கு மேல.

ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லையெண்டு லீவு போட்டு எங்களோட வந்து இருந்த தாய்மாருக்கு, பிளேன்ரீ போட்டுத் தந்த அன்ரிக்கு, மண்டபத் திறப்பைத் தந்த வாசிகசாலைப் பெடியளுக்கு, எல்லாருக்கும் மனசார நன்றி. தம்பியவை, பன்பாய் நாலையும் கழுவிக் காயவச்சிட்டன், ஞாயிறு காலமை கொண்டுவந்து தாறன்.