வேலை வெட்டி இல்லாத பெண்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெலுங்கு பக்திப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘பழிவாங்கும் பாம்பு, கண்ணை உருட்டும் அம்மன், பார்க்க வேலை வெட்டி இல்லாத பெண்கள் கூட்டம்’ என்று ஒரே வரியில் கணக்கை முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்த வரியை நீங்களும் படித்துத்தானே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்?

1999இல் வெளிவந்த ‘தேவி’யின் படத்தைப் போட்டுவிட்டு அதன் கீழே ‘பழிவாங்கும் பாம்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தில் பிரேமா ஏற்ற நாகினி பழிதீர்க்கப் பூமியில் தங்கவில்லை. தனக்கு உதவிய ஒரு பெண்ணுக்கு நன்றிக்கடன் தீர்க்கவே தங்குகிறாள். அவளைக் காப்பதே கதை. காக்கப்படும் பெண்ணாக நடித்தவர் வனிதா விஜயகுமார். தமிழ் வாசகருக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் பெயரையும் காணோம்.

நான் நகரியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு. அந்தப் படத்துக்கு எங்கள் தெருவிலிருந்து போன பெண்கள் பகல் முழுதும் விசைத்தறிக் கூடத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிவிட்டு, விரலில் ஏறிய சாயம்கூடப் போகாமல் இரவுக் காட்சிக்கு வந்தவர்கள். திரையரங்கு வாசலில் களிமண்ணால் புற்று எழுப்பி மஞ்சள், குங்குமம் தூவியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பாம்பு படமெடுத்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் அலறினார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புகுந்த வீட்டில் அடிபட்டு, வயிற்றுப் பிள்ளையோடு திரும்பி வந்திருந்த என் அக்கா, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படம் முழுவதும் அழுதாள். அவளுக்காக எங்கள் வீட்டு ஆண்கள் ஒருவரும் அதுவரை அந்தப் புகுந்த வீட்டு வாசலில் போய் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திரையில் ஒருத்தி கேட்டாள். பாம்பாக வந்து கேட்டாள் என்பது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை.

தீபாவளி கழிந்த நான்காம் நாள், நாகுல சவிதி என்னும் நாக வழிபாட்டுக்குப் புற்றுக்குப் பால் ஊற்றி, சலிமிடி என்னும் அரிசிமாவு வெல்ல உருண்டையும் சிமிலி என்னும் எள்ளு வெல்ல உருண்டையும் படைத்து, புற்று மண்ணைப் பிள்ளைகளின் காதில் தொட்டு வைக்கும் வீடுகள் எங்களுடையவை. பாம்பிடம் நடுங்கவும் செய்வோம், பிள்ளையைக் காத்துக்கொடு என்று கேட்கவும் செய்வோம். அந்த நடுக்கமும் நம்பிக்கையும் சேர்ந்ததுதான் இந்தப் படங்கள். இதை அறியாதவர் கிராபிக்ஸை மட்டும் பார்த்து எழுதினால் இப்படித்தான் வரும்.

இது முதல் தடவையும் அல்ல. 2004இல் சௌந்தர்யா விமான விபத்தில் இறந்தபோது ‘அருணாசலம்’, ‘படையப்பா’ என்று எழுதினீர்கள். அவர் நடித்து, ‘அம்மன்’ என்ற பெயரில் தமிழகமே பார்த்த ‘அம்மோரு’வுக்கு ஒரு வரி இல்லை. 2009இல் ‘அருந்ததி’யைக் கொண்டாடியபோது இயக்குநரை விட்டுவிட்டீர்கள். ‘அம்மோரு’, ‘தேவி’, ‘அருந்ததி’ மூன்றையும் இயக்கிய கோடி ராமகிருஷ்ணா 2019 பிப்ரவரியில் காலமானார். உங்கள் இதழில் அது கட்டம் கட்டிய துணுக்கு. ஆந்திரத்தின் பாலகொல்லுவிலிருந்து வந்து, இயக்குநர் தாசரி நாராயண ராவிடம் தொழில் கற்று, 1982இல் இயக்குநரானவர். தேவிஸ்ரீ பிரசாத்தை அட்டையில் போட்டு மகிழ்ந்தீர்களே, அவர் இசையமைத்த முதல் படமும் ‘தேவி’தான்.

பல ஆண்டுகளாக உங்கள் இதழை வாங்குகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் ‘தேவி’ படத்தின் இயக்குநர் பெயரையும் நடித்த இரண்டு பெண்களின் பெயரையும் திருத்தமாக வெளியிடுங்கள். இடம் இருந்தால், ‘வேலை வெட்டி இல்லாத’ என்ற சொற்களுக்கு வருத்தமும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நகரி, ஆந்திரம்.