புல்லை முதலில் அகற்றுங்கள், விதையைப் பிறகு போடுங்கள்

திருகோணமலை நகரின் உள்ளூராட்சி நிர்வாகத்தினருக்கும், பூங்காக்களையும் வீதியோரங்களையும் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளோருக்கும்,

வணக்கம். மாரி ஓயும் நாட்களில் நம் ஊரின் வெற்று நிலங்களில் தும்பையும் விஷ்ணுகிராந்தியும் துத்தியும் பூக்கின்றன. அவை விதையாகுமுன்பே புல்வெட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது. அறுகின் உயிர் மண்ணோடு ஒட்டிய கொடியிலும் அடித்தண்டிலும் இருக்கிறது. மேலே வெட்ட வெட்ட அது பக்கவாட்டில் படரும். தும்பைக்கோ உயிர் நுனியில். பூக்கும் வேளையில் நுனி போனால் அந்த ஆண்டின் விதையும் போயிற்று. ஒவ்வொரு வெட்டிலும் நாம் புல்லை வளர்த்துப் பூவை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கோரிக்கை சிறியது. உட்துறைமுக வீதியிலும் உவர்மலையிலும் நிலாவெளி வீதியோரத்திலும் தலா 100 சதுர மீற்றர் நிலத்தை, புல்லே இல்லாத பூச்செடிப் பாத்தியாக மாற்ற அனுமதி தாருங்கள். இது வெறும் ஆசை அல்ல. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் லயனல் சுமித் புல்லற்ற தரைகளை ஆராய்ந்தார். 2013 இல் லண்டனின் அவொண்டேல் பூங்காவில் அப்படியொரு தரை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்குள்ள செடிகள் நமக்கு உதவா. ஆனால் புல் இல்லாமலும் பொது இடத்தைப் பச்சையாக வைத்திருக்கலாம் என்ற எண்ணம் உதவும்.

பெரும்பாலான முயற்சிகள் தோற்பது விதையால் அல்ல, புல் இருக்கும்போதே விதைப்பதால். ஆகவே வேலை மாரியில் அல்ல, கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் தொடங்க வேண்டும். யூனில் மண்வெட்டியால் 8 முதல் 10 அங்குல ஆழம் கொத்தி, அறுகங்கொடிகளை முள்வாரியால் வாரி எடுத்து வெயிலில் போடுங்கள். இரண்டு கிழமை கழித்து மீண்டும் ஒருமுறை கொத்துங்கள். விரல் நீளத் துண்டு ஒன்று ஈரத்தில் தங்கினாலும் அது புதுக்கொடியாகும். கோரை புல்லே அல்ல, தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். அதன் கிழங்குகளைக் காயும் மண்ணில் புரட்டிப் போட்டால் பல வெயிலில் செத்துப்போகும். தப்பியவை முளைத்தால் மூன்று வாரத்துக்குள் பிடுங்க வேண்டும். தாமதித்தால் அவை புதுக்கிழங்கு வைத்துவிடும்.

யூலை நடுவில் மண்ணை நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பொலித்தீனால் ஆறு முதல் எட்டு வாரம் மூடுங்கள். ஈரமண் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்துவதால் மேல்மண்ணில் கிடக்கும் புல்விதைகள் வெந்துவிடும். கறுப்புப் பொலித்தீன் அந்த அளவுக்கு மண்ணைச் சூடாக்காது. விளிம்புகளை அரையடி ஆழத்தில் புதைக்காவிட்டால் கச்சான் அதைக் கிழித்து எறியும். பிளாஸ்ரிக் தின்று மான்கள் இறப்பதைக் கண்ட ஊர் இது. ஆகவே கடைசித் துண்டு வரை பொறுக்கி எடுப்பது வேலையின் ஒரு பகுதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

செம்மண்ணும் சாணமும் கொண்டுவந்து கொட்ட வேண்டாம். பசளை போட்ட மண்ணில் முதலில் எழுவது கினிப்புல்தான். நம் காட்டுப்பூச்செடிகள் ஏழைமண்ணில் வாழப் பழகியவை. முன்பு பசளை இட்ட புல்தரையாக இருந்தால் மேல்மண்ணை மூன்று அங்குலம் வழித்தெடுத்து வீட்டுத்தோட்டம் செய்வோருக்குக் கொடுத்துவிடுங்கள். பாத்தியைச் சுற்றி ஓரடி ஆழத்தில் சிறு கான் வெட்டிப் பருங்கல் நிரப்பினால், வெளியே உள்ள அறுகு உள்ளே ஊர்வதைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கலாம்.

ஒக்டோபரின் முதல் மழைக்கு விதைத்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். அந்த மழையில் மண்ணில் எஞ்சிய புல் முளைக்கட்டும். பத்துப் பதினான்கு நாளில் மேல்மண்ணை ஓரங்குலத்துக்குக் குறைவாகச் சுரண்டி அதைக் கொல்லுங்கள். ஆழமாகப் புரட்டினால் கீழே உறங்கும் விதைகள் மேலே வந்து, செய்த வேலை எல்லாம் வீணாகும். அதன்பின் ஒக்டோபர் இறுதியில் விதையுங்கள்.

100 சதுர மீற்றருக்குச் சுத்தமான விதை 250 கிராம் போதும்: தும்பை 80, கிலுகிலுப்பை 60, பட்டிப்பூ 40, துத்தி 40, விஷ்ணுகிராந்தி 30. இவற்றுள் பட்டிப்பூ மட்டும் மடகஸ்காரிலிருந்து வந்தது. உப்புக்காற்றையும் மாட்டையும் தாங்குவதால் சேர்த்திருக்கிறோம். துத்தி, கிலுகிலுப்பை விதைகளின் தோல் கடினம். அரத்தாளில் தேய்த்து ஓரிரவு இளஞ்சூடான நீரில் ஊறவிடுங்கள். எல்லாவற்றையும் பத்து மடங்கு காய்ந்த மணலில் கலந்து, பாதியை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவுங்கள். மண்ணால் மூடாமல் பலகையால் அழுத்தினால் போதும், தும்பை விதை புதைந்தால் முளைக்காது. பெருமழை விதையை அடித்துச் செல்லாமல் இருக்கச் சிலர் வைக்கோல் பரப்புவார்கள். அதோடு நெல்லும் வயற்புல்லும் சேர்ந்தே வரும். பழைய கிடுகை ஒரு கிழமை மேலே வைத்து எடுத்துவிடுங்கள்.

ஓரங்களில் பொடுதலையை நடுங்கள், சதுர மீற்றருக்கு ஒன்பது துண்டுகள். அது தரையை மூடிக் கோடையிலும் பச்சையாக நிற்கும். கடையில் விற்கும் வெளிநாட்டுப் பூவிதைப் பைகளை வாங்க வேண்டாம். கோணேசர் ஊரில் சிவனுக்குரிய தும்பைக்கே இடமில்லை என்றால் வேறெதற்கு இடம்?

முதல் மாரியில் 3ஆம், 6ஆம், 10ஆம் வாரங்களில் கைக்களை எடுக்க வேண்டும். புல்நாற்று ஒற்றை இலையோடு எழும்; பூச்செடி இரண்டு இலையோடு எழும். இந்த ஒரு வேறுபாட்டைத் தொழிலாளருக்குக் காட்டிக்கொடுத்தால் போதும். பார்த்தீனியம் தென்பட்டால் பூக்குமுன் கையுறையோடு வேரோடு எடுங்கள். பாத்தியின் மூலைகளில் வெள்ளையடித்த கற்கள் இருந்தால் இயந்திரக்காரர் விலகிச் செல்வார்.

மான்களும் கட்டாக்காலி மாடுகளும் வரும். முதல் பத்து வாரம் ஆறடிக் கிடுகு வேலி போடுங்கள், மறுபக்கம் தெரியாத வேலியை மான் தாண்டத் தயங்கும். பழைய மீன்வலை வேண்டவே வேண்டாம், கொம்பு சிக்கிக்கொள்ளும். நுளம்பு பெருகும் என்று அயலவர் முறையிடக்கூடும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய நீரில், செடியில் அல்ல. சிரட்டையும் கோப்பையும் கிடக்காமல் பார்த்து, நடைபாதையோரம் மூன்றடியை வெறுமையாக வைத்தால் போதும்.

மார்ச்சில், விதை உதிர்ந்த பின், ஆண்டுக்கு ஒரே ஒரு முறை நான்கு அங்குல உயரத்தில் வெட்டி, நான்கு நாள் கிடக்கவிட்டு அள்ளிவிடுங்கள். அங்கேயே விட்டால் அது மக்கிப் பசளையாகிப் புல்லுக்குச் சோறாகும்.

டச்சு விரிகுடா மணலில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அங்கே நிற்கும் இராவணன் மீசை புல்தான், ஆனால் அடம்பனோடு சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுவே.

விதை சேகரிக்கும் காலம் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மூன்று இடங்களையும் ஜனவரி முடிவுக்குள் குறித்துத் தந்தால், விதை சேர்ப்பதையும் முதல் மாரியின் களையெடுப்பையும் நாங்களே பொறுப்பேற்கிறோம். உங்களிடம் கேட்பது யூனில் நான்கு நாள் மண்வெட்டி வேலையும், இயந்திரம் அந்த மூன்று இடங்களுக்கும் வராது என்ற எழுத்துமூல உறுதியும்.

இவ்வண்ணம்,
திருகோணமலையில் ஊர்ச்செடி வளர்ப்போர்