சோற்றை நிறுத்தச் சொல்லுமுன் மாத்திரையைப் பாருங்கள்

தோட்டப்புற கிளினிக்குகளுக்குப் பொறுப்பான சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் ஒரு கிளினிக்கில், உடம்பு கூடிய பெண்களுக்குக் கொடுக்கும் கீட்டோ சாப்பாட்டுத் தாளைப் பற்றி எழுதுகிறேன். கீட்டோ என்றால் மாச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் முறை. நாளொன்றுக்கு மாச்சத்து 50 கிராமுக்குள் இருக்கவேண்டுமாம். 100 கிராம் கோதுமை மாவிலேயே ஏறக்குறைய 75 கிராம் இருக்கிறது. காலையில் ஒரு தோட்டத்து ரொட்டியோடு அன்றைய கணக்குத் தீர்ந்துவிடும்.

எங்கள் பெரியம்மா, சொன்னதைக் கேட்கிற ஆள். ரொட்டியையும் சோற்றையும் நிறுத்தினார். சீனி வருத்தத்துக்குப் போடும் கிளிக்லசைட் மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. இதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காலையில் மலையில் கூடையோடு நின்றவருக்கு இரத்தத்தில் சீனி இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தேயிலை நிரைக்குள்ளேயே சரிந்தார். பக்கத்தில் பறித்தவர்கள் தேத்தண்ணிக்கு வைத்திருந்த சீனியை வாயில் போட்டதால் எழுந்து உட்கார்ந்தார். கொழுந்து நிறை குறைந்ததால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். தாள் கொடுத்தவருக்கு முழுச் சம்பளம் வந்திருக்கும்.

கீட்டோவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. முதல் மாதங்களில் எடை நன்றாகக் குறைகிறது, அதில் ஆரம்பத்தில் போவது பெரும்பாலும் தண்ணீர்தான் என்றாலும். இரத்தத்தில் டிரைகிளிசரைட் என்கிற கொழுப்பு இறங்குகிறது, சிலருக்கு மருந்தையே குறைக்கலாம். ஆனால் ஒரு வருடம் போனால் மற்ற உணவுமுறைகளுக்கும் இதற்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஏறுகிறது. தலைவலி, தலைசுற்று, கெண்டைப் பிடிப்பு, மலச்சிக்கல் எல்லாம் வரலாம். பிரெஷர் மாத்திரை போடுகிறவருக்குப் பிரெஷர் இறங்கிவிடலாம். அதனால்தான் கேட்கிறேன்: மருந்தைப் பார்க்காமல் சோற்றை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தாளில் சீஸ், பாதாம், ஒலிவ் எண்ணெய், சால்மன் மீன் என்று போட்டிருக்கிறது. சால்மன் எந்தத் தோட்டத்துக் கடையில் விற்கிறது என்றும் எழுதியிருந்தால் உதவியாக இருந்திருக்கும். பட்டர்புரூட் மட்டும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் காய்க்கிறது, அதுவும் சீசனில். அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக்கவே 2024 வரை இழுத்தடித்த நாட்டில், வயிற்றை நிரப்புகிற மலிவான சாமான் கோதுமை மாதான். மன்னிக்கவும், சம்பளம் உங்கள் இலாகா அல்ல.

உங்கள் இலாகாவில் இருப்பதைக் கேட்கிறேன். தாளை நீட்டுவதற்கு முன் கிளினிக் கொப்பியைப் புரட்டி, என்ன மாத்திரை, என்ன அளவு என்று ஒரு டாக்டர் பார்க்கட்டும். இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர் என்றால் அளவைக் குறைத்து, ஒரு வாரத்திலேயே திரும்பக் கூப்பிட்டுச் சீனியைச் சோதிக்கட்டும். ரொட்டியைப் பாதியாக்கி, பருப்பும் கீரையும் முட்டையும் கூட்டிக்கொள்கிற மாதிரி, எங்கள் அடுப்பில் ஆகக்கூடிய ஒரு தாளைத் தமிழில் எழுதித் தாருங்கள். மருந்தைப் பார்க்காமல் மட்டும் சோற்றை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன் பதில் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி