முடி கடிக்கிற புள்ளைய அடிக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்னப் பொண்ணு வயித்துல இருந்து முடி உருண்டைய ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்கன்னு அப்பப்போ எல்லா பேப்பர்லயும் நியூஸ் வருது. எவ்ளோ எடை இருந்துச்சுன்னு ஹெட்லைன், டிரேயில உருண்டைய வச்சு ஒரு போட்டோ, அதோட முடிஞ்சிருது. மறுநாள் எங்க நர்சரி ஸ்கூல் வாசல்ல அம்மாக்கள் வந்து மிஸ் எம்பொண்ணும் சடை நுனிய வாயில வச்சுகிட்டே இருக்கா, அவ வயித்துலயும் இருக்குமான்னு பயந்து போய் கேக்குறாங்க. அந்த நியூஸ்ல வராத விஷயத்த எழுதுறேன், தயவுசெஞ்சு போடுங்க.

சப்புறது வேற, கடிச்சு முழுங்குறது வேற, வேரோட பிடுங்கி தின்றது வேற. எல்கேஜி யூகேஜி வயசுல நிறைய புள்ளைங்க சும்மா நுனிய சப்பும், கை சூப்புற மாதிரிதான், பெருசா ஆக ஆக நிறைய புள்ளைங்க தானா விட்டுரும். முழுங்குறதுதான் ஆபத்து, ஏன்னா முடி கெராட்டின்ற புரோட்டீன், அது நம்ம வயித்துல செரிக்கவே செரிக்காது, வழுக்கிகிட்டு உள்ளயே தங்கி ஒண்ணோட ஒண்ணு சிக்கி உருண்டையாகி சில புள்ளைங்களுக்கு சிறுகுடல் வரைக்கும் வால் மாதிரி இறங்கிரும். பெருசான பிறகு மருந்துல கரையாது, பெரும்பாலும் ஆபரேஷன்தான். அதனால தலையில அங்கங்க சொட்டையா இருக்கா, மலத்துல முடி வருதா, அடிக்கடி வயித்து வலி வாந்தி, ரெண்டு வாய் சாப்பிட்டதுமே போதும்ங்குறது, எடை குறையுறது, இதுல எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பாக்காம குழந்தைங்க டாக்டர்ட்ட போங்க, போனதும் புள்ள முடி தின்னுதுன்ற விஷயத்த வெக்கப்படாம வாய விட்டு சொல்லுங்க. அத சொல்லாம வெறும் வயித்துவலின்னு மட்டும் சொன்னா டாக்டருக்கு எப்படி தெரியும்?

இன்னொண்ணு ரத்தம். இரும்புச்சத்து கம்மியான புள்ளைங்க சிலது மண்ணு, சாக்பீஸ், பச்சரிசி, முடின்னு கண்டதையும் வாயில போடும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 5 வயசுக்குள்ள இருக்க புள்ளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு, அதாவது பாதிக்கு மேல! ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஹீமோகுளோபின் டெஸ்ட் பண்ணிரலாம். டானிக் டாக்டர் சொன்ன அளவுதான், நீங்களா வாங்கி ஊத்தாதீங்க, இரும்பு மருந்து அளவு மீறினா சின்னப் புள்ளைங்களுக்கு விஷம். சாப்பாட்டோட டீ குடுக்குற பழக்கத்தையும் விட்ருங்க, சாப்பாட்டுல இருக்க இரும்புச்சத்த அது உடம்புல சேர விடாது.

இப்ப முக்கியமானத சொல்றேன். இந்தப் பழக்கத்துக்கு நம்ம வீடுகள்ல செய்யுற வைத்தியம் என்ன? கைய தட்டி விடுறது, சொந்தக்காரங்க முன்னாடி சீ அசிங்கம்னு சொல்றது, மொட்டை அடிச்சிருவேன்னு மிரட்டுறது, நுனியில வேப்பெண்ணெய் தடவுறது. வேப்பெண்ணெய் சின்னப் புள்ளைங்க வயித்துக்குள்ள போனா வாந்தி, வலிப்பு வரைக்கும் வரலாம், தயவுசெஞ்சு வேண்டாம். திட்டும் வேலைக்காகாது, புள்ள பயத்துலயோ சலிப்புலயோ தூக்கம் வரும்போதோதான் முடிய வாயில வைக்குது, பயத்துல வைக்கிற புள்ளைய இன்னும் பயமுறுத்தினா எப்படி விடும்? ஒளிஞ்சுகிட்டு செய்யும், அவ்ளோதான்.

எப்போ வைக்குதுன்னு ஒரு வாரம் ஒண்ணும் சொல்லாம கவனிங்க. டிவி பாக்குறப்பவா, எழுதுறப்பவா, தம்பி பாப்பா பொறந்த பிறகா, வீட்ல சத்தம் போட்டு சண்டை நடக்குறப்பவா. அந்த நேரத்துக்கு கைக்கு ஒரு வேலை குடுங்க, சப்பாத்தி மாவுல ஒரு உருண்டை, களிமண்ணு, உருட்டுறதுக்கு ஒரு ஸ்பாஞ்ச் பந்து. வாய் கேக்குதுன்னா வெள்ளரிக்காய நீளமா வெட்டி குடுங்க, பக்கத்துல இருந்து பாத்துக்குங்க. முடிய பழைய ஸ்டைல்ல ரெட்டை சடை போட்டு மடிச்சு ரிப்பன் கட்டுங்க, நுனி வாய்க்கு எட்டவே எட்டாது, ஆனா இழுத்து இறுக்காதீங்க, முன்னந்தலையில முடி கொட்டும். க்ராப் வெட்டணும்னா அதுகிட்ட கேட்டுட்டு வெட்டுங்க, தண்டனையா வெட்டாதீங்க. வாயில வைக்கிறத பாத்தா பேர் சொல்லி கத்தாம தோள்ல மெதுவா தொடுங்க, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச சிக்னல்னு முன்னாடியே பேசி வச்சிருங்க, என் கிளாஸ்ல இதுதான் நல்லா வேலை செய்யுது. கொஞ்சம் பெரிய புள்ளைங்களுக்கு முடிகிட்ட கை போறப்ப ஒரு நிமிஷம் கைய இறுக்கி மூடி வச்சுக்க சொல்லிக் குடுக்கலாம், 1973ல இருந்தே சைக்காலஜிஸ்ட்கள் பழக்கத்த மாத்த சொல்லித் தர்ற முறை இது. பக்கத்துல உக்காந்து கூடவே செய்யுங்க.

ரெண்டு மூணு மாசம் பாத்தும் குறையல, இல்ல பிடுங்க ஆரம்பிச்சிருச்சுன்னா மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டு போறதுல தப்பே இல்ல. டெலி மனஸ்ன்ற அரசு மனநல ஹெல்ப்லைன் 14416, தமிழ்நாட்டு மருத்துவ ஹெல்ப்லைன் 104, ரெண்டும் இலவசம்.

ஆசிரியர் சார், அடுத்த தடவை அந்த உருண்டை நியூஸ் போடுறப்ப போட்டோவ சின்னதாக்கி இந்த ரெண்டு நம்பரையும், எந்த அறிகுறி இருந்தா டாக்டர பாக்கணும்ன்றதையும் கீழ ஒரு கட்டத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு நர்சரி ஸ்கூல் டீச்சர், திருச்சி
(பெயர் வெளியிட வேண்டாம்)