பார்பரா யார்?

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதும் வசந்தா கேழ்வரகு மாவு அனுப்பியே தீருவேன் என்கிறாள். என் முட்டிவலி அப்படியேதான். மெடிக்கல் ஷாப்பை மகன் பார்த்துக்கொள்கிறான். சாயங்காலம் போய்க் கல்லாவில் உட்காருவதோடு சரி.

பழைய மருத்துவ அகராதியில் 'பார்பிட்டுரிசம்' என்று பார்த்தேன், ஏதோ கட்சிக் கொள்கை மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். இந்த 'இசம்' கொள்கை இல்லைடா, சீக்கு. 1849-ல் ஸ்வீடன் டாக்டர் மாக்னஸ் ஹுஸ் குடிநோய்க்கு 'ஆல்கஹாலிசம்' என்று பேர் வைத்தார். அப்புறம் மார்ஃபினிசம், குளோரலிசம் என்று, ஆளைப் பிடித்துக்கொண்ட மருந்துக்கெல்லாம் அந்த வால் ஒட்டிக்கொண்டது. தூக்க மருந்தான பார்பிட்டூரேட்டும் தப்பவில்லை; அது ஆளைப் பிடித்துக்கொண்டால் பார்பிட்டுரிசம்.

அந்தச் சொல்லின் தலைப்பக்கம்தான் வேடிக்கை. 1864-ல் ஜெர்மன்காரர் அடால்ஃப் வான் பேயர், இந்த மருந்துகளுக்கு மூலமான பார்பிட்டூரிக் அமிலத்தைத் தயாரித்தார். பின்பாதி யூரியா சம்பந்தப்பட்டது, அதில் சண்டை இல்லை. 'பார்ப்' எங்கிருந்து வந்தது? டிசம்பர் 4 புனித பார்பரா திருநாள். பீரங்கிப் படைக்காரர்களுக்கு அவள்தான் காவல். அன்றைக்குப் பேயர் மதுக்கடைக்குப் போனால், அங்கே பீரங்கிப் படை அதிகாரிகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்களாம். இன்னொரு கதையில் பார்பரா அவருக்கு வேண்டப்பட்ட பெண். ரெண்டுமே பிற்பாடு ஜோடித்தவை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் கடைக்கு வரும் ரெப் பையன்களிடம் பீரங்கிக் கதையைத்தான் அவிழ்த்துவிடுவேன்.

அந்த அமிலத்துக்குத் தூங்கவைக்கிற சக்தி கிடையாது. அதிலிருந்து எமில் ஃபிஷரும் ஜோசஃப் வான் மேரிங்கும் கொண்டுவந்த தூக்க மருந்து 1903-ல் வெளிப்பட்டது. பேர் வெரோனல். மேரிங் பார்த்த ஊர்களிலேயே இத்தாலியின் வெரோனாதான் ரொம்ப அமைதி என்று சூட்டினார்களாம். அந்த அமைதிக்காக விழுங்கியவர்கள் பலர் விடமுடியாமல் தவித்தார்கள். மாதக்கணக்கில் அதிக அளவு கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரும் என்று 1950-ல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழு காட்டியது.

உன் மச்சினன் வலிப்புக்குச் சாப்பிடும் கார்டினாலும் இதே குடும்பம்தான். உள்ளே இருப்பது ஃபீனோபார்பிட்டால். இப்போது வலிப்பு வருவதில்லை என்று அவராகவே நிறுத்தப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் வேண்டாம். நரம்பு டாக்டரிடம் காட்டட்டும்; நிறுத்தலாம் என்றாலும் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சீட்டை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு, அளவு பார்க்கிறேன்.

அன்புடன்,
கோபால்